மூண்டாவது வரி

பிழையா நினைக்காதையுங்கோ பிள்ளை. ஒட்டுக் கேக்கவேணுமெண்டு கேக்கேல்லை. பின் சீற்றில இருந்தனான், காதில விழுந்திட்டுது. இந்தப் பஸ்ஸில தமிழ்க் குரல் கேக்கிறதே அருமை. அதிலயும் நீங்கள் சொன்னியளே, "கேஸ் முடிஞ்சுது, அசைலம் கிடைச்சிட்டுது, ஆனா இனி ஒரு படிவத்திலயும் நான் கை வைக்கமாட்டன், பயமாக் கிடக்கு" எண்டு. அதைக் கேட்டாப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளேல்லை. எழும்பி வந்திட்டன். இதில இருக்கலாமே? வலப் பக்கம் நீங்கள் இருந்தால் நல்லது. எனக்கு இடது காது கேக்காது.

நானும் கென்னடி விமான நிலையத்துக்குத்தான். உங்களுக்கு அங்க வேலை போல, உடுப்பைப் பார்க்க விளங்குது. எனக்கு வேலை இல்லை. ஆக்கள் வருகினம். ரெண்டே காலுக்குப் பிளேன் இறங்குது. இன்னும் நேரம் கிடக்கு, இந்தப் பஸ் சந்திக்குச் சந்தி நிண்டுதான் போகும். நான் வேணுமெண்டுதான் இதில ஏறினனான். ரெயினில போனால் கெதியாப் போயிடலாம். கெதியாப் போய் என்ன செய்யிறது.

என்ர பேர் குணரத்தினம். ஊர் முல்லைத்தீவு. முதல்லயே ஒண்டு சொல்லுறன், நான் பயந்தவன் இல்லை. கவனமான ஆள். பயத்துக்கும் கவனத்துக்கும் கனக்க வித்தியாசம் இருக்கு. அது என்ர மனுசிக்கு விளங்காது.

ஊரில கச்சேரி அரசாங்கக் கந்தோருக்கு முன்னால எனக்கு ஒரு போட்டோக்கொப்பிக் கடை இருந்தது. ஒரு மிஷின், ஒரு மேசை, ரெண்டு கதிரை. சண்டை முடிஞ்ச கையோட தாய்மார் வரத் தொடங்கிச்சினம். பிள்ளையின்ர படம், அடையாள அட்டை, கடிதம், எல்லாத்தையும் ஷொப்பிங் பையில சுத்திக் கொண்டு வருவினம். கொப்பி எடுக்க வந்தவை பிறகு, "தம்பி இதை நிரப்பித் தாறியோ" எண்டு கேக்கத் தொடங்கிச்சினம். நிரப்பிக் குடுத்தன். காணாமல் போனவரின் பெயர். கடைசியாகக் கண்ட இடம். விண்ணப்பதாரரின் உறவுமுறை. அந்த உறவுமுறை எண்ட இடத்தில தாய், மனைவி, தாய், மனைவி எண்டு என்ர கையால எத்தினை தரம் எழுதியிருப்பன் எண்டு எனக்கே தெரியாது. கந்தோரில குடுத்தால் துலைச்சுப் போடுவினம் எண்டு, "ஒரு கொப்பி நீயும் வைச்சிரு தம்பி" எண்டுவினம். வைச்சனான். ஒரு இரும்புப் பெட்டி நிறைய வைச்சிருந்தனான்.

அந்தப் பெட்டிதான் பிரச்சினை. சிவில் உடுப்பில நாலு பேர் வந்து பெட்டியைக் கேட்டவை. எலி அரிச்சுப்போட்டுது, எரிச்சிட்டன் எண்டன். ஏத்திக்கொண்டு போச்சினம். பதினொரு நாள். காது அதில போனது. மற்றது ஒண்டும் நான் சொல்லமாட்டன், நீங்களும் உங்கடயைச் சொல்லத் தேவையில்லை. விடேக்குள்ள, "பத்து நாளுக்குள்ள பெட்டியோட வா, வராட்டில் வீட்டை வருவம்" எண்டு சொல்லித்தான் விட்டவை. பெட்டியைத் தெரிஞ்ச ஃபாதர் ஒருத்தரிட்டக் குடுத்தன். மனுசியையும் பிள்ளையையும் மனுசியின்ர தமையன் வீட்டில விட்டன். வெளிக்கிட்டன்.

மனுசியின்ர பேர் லோஜினி. புவனலோஜினி. மகள் யதுர்சா. அண்டைக்கு அவளுக்குப் பன்னிரண்டு வயது.

வந்த பாதையைச் சொல்லப் போனால் பஸ் கென்னடிக்குப் போய்த் திரும்பி வந்திடும். நாடு நாடா வந்து, கடைசியா மெக்சிக்கோ எல்லையில பிடிபட்டன். பிடிபட்டன் எண்டு சொல்லக்கூடாது, நானே போய்க் கையைத் தூக்கிக்கொண்டு நிண்டனான். ஒரு கூடாரத்துக்குள்ள வரிசையா இருத்தினவை. எனக்குப் பின்னால ஒரு வவுனியாப் பெடியன் இருந்தவன். அவன் மெதுவாச் சொன்னான், "அண்ணை, வீட்டில இருக்கிற ஆக்களின்ர பேரைக் குடுத்திடாதையுங்கோ. இவங்கள் எங்கட எம்பசிக்கு அனுப்புவாங்கள். அங்க இருந்து நேர வீட்டுக் கதவுக்குப் போகும்."

அவன் சொன்னது உண்மையோ பொய்யோ எனக்குத் தெரியாது. பிறகு லோயர் சொன்னவ, அது முழுப் பொய்யாம், இங்க சொல்லுறதை எங்கட நாட்டுக்குச் சொல்லக்கூடாதெண்டு சட்டமே இருக்காம். ஆனா அண்டைக்கு எனக்குச் சட்டம் சொல்ல ஆர் இருந்தது? பதினொரு நாள் இருந்திட்டு வந்தவனுக்கு முன்னால ஒரு சீருடைக்காரன் இருக்கிறான். போனில மொழிபெயர்ப்புப் பிள்ளையின்ர குரல் வருது, "கல்யாணம் ஆயிடுச்சா சார்?"

இல்லை எண்டன்.

"பிள்ளைகள்?"

இல்லை.

அவ்வளவுதான். ரெண்டு சொல்லு. நினைச்சுச் சொன்னதில்லை பிள்ளை, சூட்டில கை பட்டால் இழுப்பமே, அப்பிடி வாயில வந்தது. ஆனா ஒருக்கால் சொன்னால் சொன்னதுதானே. தடுப்பில எட்டு மாதம் இருந்தன், அங்க நிரப்பின பெரிய படிவத்திலயும் இல்லை. அதுக்குப் பிறகு காலில ஒரு கறுப்பு மிஷினைக் கட்டி வெளியில விட்டவை. நியூ யோர்க்கில இலவசமா வழக்குப் பாக்கிற டெபோரா எண்ட லோயர் கிடைச்சா. அவவும் கேட்டவ. அவவுக்கும் இல்லை. ஜட்ஜுக்கு முன்னால சத்தியம் பண்ணிப்போட்டும் இல்லை. நாலு இடம். ஒரு இடத்திலயாவது ஓம் எண்டு சொன்னால், மற்ற மூண்டும் பொய்யெண்டு ஆயிடும், பிறகு காதையும் பொய்யெண்டு சொல்லுவினம், பதினொரு நாளையும் பொய்யெண்டு சொல்லுவினம். கவனமா இருக்கவேணும்தானே.

கேஸ் வெண்டிட்டுது. மாசி மாதம். டெபோரா என்னைத் தன்ர கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போய், தேத்தண்ணி ஊத்தித் தந்தவ. போனைச் சத்தமா வைச்சா. மொழிபெயர்ப்புக்கு அண்டைக்கும் ஒரு சென்னைப் பிள்ளை.

"சார், உங்களுக்கு அசைலம் குடுத்துட்டாங்க. இனி உங்களைத் திருப்பி அனுப்ப மாட்டாங்க. ஆனா இதோட முடிஞ்சுடல. இனிமே நீங்க செய்ய வேண்டியது அஞ்சு விஷயம் இருக்கு, மேடம் ஒவ்வொண்ணா சொல்றாங்க."

ஒரு தாளில அஞ்சு வரி அடிச்சிருந்தது. டெபோரா விரலை வைச்சு வைச்சுச் சொன்னவ. முதலாவது, சோசல் செக்கியூரிட்டி கந்தோருக்குப் போய்ப் புது அட்டை எடு. ரெண்டாவது, வீடு மாறினால் பத்து நாளுக்குள்ள அரசாங்கத்துக்கு அறிவி. மூண்டாவது, மனுசியும், கலியாணம் கட்டாத, இருபத்தொண்டுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையளும் வெளியில இருந்தால், தீர்ப்பு நாளில இருந்து ரெண்டு வருசத்துக்குள்ள அவையைக் கூப்பிட விண்ணப்பம் போடு. நாலாவது, ஒரு வருசம் போகக் கிறீன் கார்டுக்கு விண்ணப்பம் போடு. அஞ்சாவது, உன்ர நாட்டுப் பாஸ்போட்டைத் தொடாதை, அந்தப் பக்கம் போகாதை.

அப்பிடித்தான் வரிசை. ஆனா மூண்டாவதில விரல் வந்தவுடன அவ கொஞ்சம் சிரிச்சா. பாவம், என்னில இரக்கப்பட்ட சிரிப்பு. மேசையில கிடந்த பேனையை எடுத்து அந்த வரியைக் குறுக்கால வெட்டினா.

"மூணாவது உங்களுக்குப் பொருந்தாதுன்னு அடிச்சிட்டாங்க சார். நாலாவதுக்குப் போலாமா?"

நான் பாத்துக்கொண்டு இருந்தனான் பிள்ளை. என்ர கண்ணுக்கு முன்னால. வாயைத் திறந்திருக்கலாம். அந்தக் கந்தோரில அவவும் நானும் மட்டும்தான், கதவும் சாத்தியிருந்தது. என்ன செய்தன் தெரியுமோ? தலையாட்டினன். போகலாம் எண்டு.

அதுக்குப் பிறகுதான் உண்மையான பயம் தொடங்கினது. ஆக்கள் நினைக்கிறது, கடிதம் கையில கிடைச்சால் நிம்மதி எண்டு. கடிதம் கிடைக்கிற வரைக்கும் எடுக்க ஒண்டும் இல்லை. கிடைச்சாப் பிறகுதான் எடுக்கிறதுக்கு ஒண்டு இருக்கு. உங்களுக்கும் அப்பிடித்தான் கிடக்கோ? நான் நினைச்சன்.

கடிதப் பெட்டியைத் திறக்கமாட்டன். என்னோட அறையில இருந்த நேபாளப் பெடியன் பிமல் எடுத்துக்கொண்டு வந்து கட்டிலில வைப்பான். அரசாங்க முத்திரை போட்ட உறை எண்டால் மெத்தைக்குக் கீழ போயிடும். வீடு மூண்டு மாறினன், ஒண்டையும் அறிவிக்கேல்லை. அட்டை எடுக்கப் போகேல்லை, ஏனெண்டால் அந்தக் கந்தோரில குடும்ப விபரம் கேப்பினம் எண்டு ஆரோ சொன்னவை. ஒருநாள் மத்தியானம் கதவில தட்டிக் கேட்டுது. பெரிய தட்டு. நான் யன்னலைத் திறந்து வெளியில இரும்புப் படியில இறங்கி நிண்டிட்டன். பனிக்காலம். பெனியனோட. அரை மணித்தியாலம் நிண்டன். பிமல் எட்டிப் பாத்து, "என்ன செய்யிறியள் அங்க, அவன் காஸ் மீட்டர் பாக்க வந்தவன்" எண்டு சொல்லிப்போட்டு என்ர கையைப் பிடிச்சு உள்ளுக்கு இழுத்தவன். கை இரும்போட ஒட்டிப்போய்க் கிடந்தது. பாருங்கோ, இந்தத் தோல் இன்னும் வேற நிறம்.

லோஜினிக்கு என்ன சொன்னனான் எண்டு கேளுங்கோ. கேஸ் இழுபடுது எண்டு சொன்னனான். வெண்டிட்டுது எண்டு சொன்னால் அடுத்த கேள்வி என்ன? "அப்ப நாங்கள் எப்ப வாறது?" அதுக்கு நான் என்ன சொல்ல? அதால, ஜட்ஜுக்குச் சுகமில்லை எண்டு சொன்னன். தவணை மாத்திப்போட்டினம் எண்டு சொன்னன். அவ ஒவ்வொரு வெள்ளியும் கோயிலுக்குப் போய் அந்த ஜட்ஜின்ர சுகத்துக்கு விளக்கு வைச்சிருக்கிறா. பிறகு யதுர்சா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கிட்டத்தட்ட இருபத்திரண்டு மாதம் அப்பிடிப் போச்சு.

அதை உடைச்சது யதுர்சாதான். நான் வேலை செய்யிற மரக்கறிக் கடையில, பின்பக்கம் பெட்டியில இருந்து சாப்பிட்டுக்கொண்டு வீடியோவில கதைச்சனான். போனை நிலத்தில ஒரு வெங்காயச் சாக்கில சாத்தி வைச்சிருந்தன். காற்சட்டையை மடிச்சு விட்டிருந்ததை நான் கவனிக்கேல்லை. அவள் கேட்டாள், "அப்பா, காலில இருந்த மிஷின் எங்க?"

நான் காலை இழுத்தன்.

"அப்பா, அது கேஸ் முடிஞ்சால்தான் கழட்டுவினம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

லோஜினி பின்னால நிண்டு உடுப்பு மடிச்சுக்கொண்டு இருந்தா. வந்து போனை வாங்கினா. "முடிஞ்சுதோ?"

"ஓம்."

"எப்ப?"

"போன வருசம். மாசியில."

அவ ஏசியிருந்தால் நல்லா இருந்திருக்கும். நான்தான் கதைச்சன், அலுவல் கனக்க இருக்கு, படிவங்கள் இருக்கு, லோயருக்கு நேரமில்லை எண்டெல்லாம். அவ போனை மகளிட்டக் குடுத்திட்டுப் போயிட்டா. அடுத்த நாள் யதுர்சா தேடிப் படிச்சுப்போட்டு எடுத்தாள். "அப்பா, ரெண்டு வருசத்துக்குள்ள எங்களைக் கூப்பிடப் போடவேணுமாம். பிந்தினால் ஏற்கமாட்டினமாம். எத்தினை நாள் கிடக்கெண்டு எண்ணிப் பாத்தியளோ?"

எண்ணிப் பாத்தனான். ஐம்பத்திரண்டு நாள்.

உடன போயிருக்கலாம். போனனான். டெபோராவின்ர கந்தோர் வாசல் வரைக்கும் மூண்டு தரம் போனனான். ஒருநாள் லிப்டுக்குள்ளயும் ஏறினன். ஏழாம் மாடியில கதவு திறந்துது, அவவின்ர குரல் கேட்டுது, நான் இறங்காமல் கீழ வந்திட்டன். யோசிச்சுப் பாருங்கோ. உள்ளுக்குப் போய் "எனக்கு மனுசி இருக்கு" எண்டு சொன்னால், நான் ஜட்ஜுக்குப் பொய் சொன்னவன். தந்ததைத் திருப்பி எடுத்தால்? நான் திரும்பி அந்த நாலு பேரிட்டயோ போறது? சொல்லாட்டில் மனுசி பிள்ளை வரேலாது, ஆனா நான் இருப்பன். சொன்னால் மூண்டு பேரும் இல்லாமல் போகலாம். கணக்கு அப்பிடித்தான் வந்தது. கவனமான ஆள் என்ன செய்வான்? நாள் மட்டும் குறைஞ்சுகொண்டு போச்சு.

பதின்மூண்டு நாள் இருக்கேக்குள்ள லோஜினி தானே எடுத்தா. கடைக்கு எடுத்தா, நான் வேலையில நிக்கிற நேரம். அப்பிடி எடுக்கிறதில்லை.

"வந்தவை" எண்டா.

"ஆர்?"

"அவையள்தான். ரெண்டு பேர். அண்ணை வீட்டை தேடி வந்து, உங்கட புருசன் எங்க, போன் எடுக்கிறவரோ, காசு அனுப்புறவரோ எண்டு கேட்டவை. யதுர்சா பள்ளிக்கூடத்தால வந்து வாசலில நிக்கிறாள். அவளைப் பாத்து, இது மகளோ எண்டு கேட்டவை."

எனக்குக் கையில இருந்த தக்காளிப் பெட்டி விழுந்திட்டுது.

"நான் சொன்னன், அவர் எங்களை விட்டிட்டுப் போயிட்டார், உயிரோட இருக்கிறாரோ எண்டும் தெரியாது எண்டு. அதை எழுதித் தரச் சொன்னவை. எழுதிக் குடுத்தனான். எனக்கும் அவருக்கும் ஒரு தொடர்பும் இல்லையெண்டு. கையெழுத்தும் வைச்சனான்." பிறகு, "வேற என்ன செய்யிறது" எண்டா.

நான் அதிலயே, தக்காளிக்கு நடுவில இருந்திட்டன் பிள்ளை. முதலாளி வங்காளி, நல்ல மனுசன், மாரடைப்பெண்டு நினைச்சுத் தண்ணி தெளிச்சவர். எனக்கு என்ன ஓடினதெண்டால், இங்க என்ர கடுதாசியில எனக்கு மனுசி இல்லை. அங்க அவவின்ர கடுதாசியில அவவுக்குப் புருசன் இல்லை. ரெண்டு நாட்டிலயும் எழுத்தில இருக்கு. அவ செத்தாலும் நான் செத்தாலும் கச்சேரியில ஒரு படிவத்தில உறவுமுறை எண்ட இடத்தில ஆர் என்னத்தை எழுதிறது?

கையைக் கழுவிப்போட்டு அப்பிடியே டெபோராவிட்டப் போனன். தக்காளிச் சாறு பட்ட சேட்டோட.

டெபோரா ஆரோடயோ கதைச்சுக்கொண்டு இருந்தா, என்னைக் கண்டிட்டு எழும்பினா. மொழிபெயர்ப்புக்கு எடுக்கப் போனா, நான் வேண்டாமெண்டு கையைக் காட்டினன். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசில சொன்னன். மனுசி இருக்கு. மகள் இருக்கு. பொய் சொன்னனான். பதின்மூண்டு நாள் இருக்கு. அவ்வளவும் ஒரு மூச்சில சொல்லி முடிச்சுப்போட்டு, கதிரையில இருந்து ரெண்டு கையையும் நீட்டினன். விலங்கு போடுவினம் எண்டு நினைச்சன். சிரிக்காதையுங்கோ. உண்மையா நீட்டினனான்.

அவ என்ர கையைப் பாத்தா. கோவம் வந்தது தெரிஞ்சுது. ஆனா சத்தம் போடேல்லை. "எனக்குமா சொன்னாய்?" எண்டு கேட்டா. "ரெண்டு வருசம் உனக்காக வேலை செய்தன். எனக்குமா?"

நான் நீட்டின கையை எடுத்து மடியில வைச்சன்.

பிறகு மொழிபெயர்ப்புக்கு எடுத்து, முழுக்கக் கேட்டா. கூடாரம், வவுனியாப் பெடியன், பதினொரு நாள், எல்லாம். எழுதிக்கொண்டே இருந்தா. அவ சொன்னது இதுதான், பிள்ளை, நீங்களும் காது குடுத்துக் கேளுங்கோ. "இது பாரமான விசயம். கேள்வி வரும். வழக்கைத் திரும்பத் திறக்கவும் கூடும், நான் உனக்குப் பொய் சொல்லி ஆறுதல் தரமாட்டன். ஆனா பயத்தில மறைச்சது வேற, ஏமாத்த மறைச்சது வேற. ஏன் மறைச்சாய் எண்டு நீயே உன்ர வாயால எழுதிச் சத்தியம் பண்ணு. கலியாணப் பதிவு, பிள்ளையின்ர பிறப்புப் பத்திரம், படங்கள், போன் கதைச்ச விபரம், எல்லாம் கொண்டு வா. நாங்களாப் போய்ச் சொல்லவேணும். அவையள் கண்டு பிடிக்கக்கூடாது."

கடைசியா ஒண்டு கேட்டா. "நீ கலியாணம் இல்லையெண்டு எழுதினது உன்ர மனுசிக்குத் தெரியுமோ?"

தெரியும் எண்டன்.

"நல்லது. ஏனெண்டால் கொழும்பில அமெரிக்க எம்பசியில அவவைக் கூப்பிட்டு விசாரிப்பினம். கட்டாயம் கேப்பினம்."

மூண்டு நாள் மிச்சம் இருக்கேக்குள்ள விண்ணப்பம் போனது. வீடு மாறினதையும் அறிவிச்சம். அட்டையும் எடுத்தன். அந்தக் கந்தோரில ஒருத்தரும் குடும்பத்தைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லை. பத்து நிமிசம். பத்து நிமிசத்து அலுவலுக்கு ரெண்டு வருசம் ஓடித் திரிஞ்சிருக்கிறன்.

லோஜினிக்குச் சொன்னனானோ எண்டு கேக்கிறியள். நல்ல கேள்வி. போனில எப்பிடிச் சொல்லுறது? ஒட்டுக் கேட்டால்? எழுதினால் கடிதத்தை உடைச்சால்? பிறகு சொல்லுவம், பிறகு சொல்லுவம் எண்டு ரெண்டரை வருசம் போயிட்டுது. ரெண்டரை வருசம் ஒரு பதிலும் வரேல்லை எண்டபடியால், கேக்காமலே விட்டிடுவினம் எண்டும் நினைச்சன்.

ஆனியில கொழும்புக்குக் கூப்பிட்டவை. தாயும் மகளும் விடிய அஞ்சு மணிக்குப் போய் வரிசையில நிண்டவை. எல்லாக் கேள்வியும் நல்லாப் போச்சாம். எங்க கட்டினது, எத்தினை பேர் வந்தவை, அவருக்கு எந்தக் காது கேக்காது. கடைசியா அந்த அதிகாரி பெம்பிளை ஒரு தாளைத் திருப்பி வைச்சுக் கேட்டவவாம். "உங்கட புருசன் தனக்குக் கலியாணமே ஆகேல்லை, பிள்ளையும் இல்லை எண்டு நாலு இடத்தில சொல்லியிருக்கிறார். இது உங்களுக்குத் தெரியுமோ?"

இதை யதுர்சாதான் எனக்குச் சொன்னாள். அம்மா அந்தத் தாளைக் கனநேரம் பாத்தவவாம். பிறகு சொன்னவவாம், "இண்டைக்குத்தான் தெரியும். ஆனா அவர் ஏன் எழுதினவர் எண்டு எனக்குத் தெரியும். அவர் பயந்த மனுசன். என்ர வீட்டை வந்து கேக்கேக்குள்ள எனக்கும் புருசன் இல்லையெண்டு நான் கையெழுத்து வைச்சுக் குடுத்தனான். ரெண்டும் ஒரே பயம்தான்."

அந்தப் பெம்பிளை தாளைத் திருப்பி எடுத்துக் கோப்புக்குள்ள வைச்சவவாம். ஒரு மாதத்தில விசா வந்திட்டுது.

பாத்தியளோ? நான் முன்கூட்டியே சொல்லியிருந்தால், பாடமாக்கின மாதிரிச் சொல்லியிருப்பா, அந்தப் பெம்பிளை சந்தேகப்பட்டிருப்பா. சொல்லாமல் விட்டதுதான் எங்களைக் காப்பாத்தினது. டெபோராவுக்கும் அதைத்தான் சொன்னன். அவ என்னை ஒரு பார்வை பாத்திட்டுக் கோப்பை மூடினா.

கொழும்பால வந்ததில இருந்து லோஜினிக்குச் சரியான களைப்பு. நான் எடுத்தால் "சாப்பிட்டியளோ", "ஓம்", "வைக்கிறன்" அவ்வளவுதான். மூண்டு சொல்லு. வெளிக்கிடுற அலுவல்கள், சாமான் கட்டுறது, அதுகள்தான். வேற என்ன இருக்கு.

நீங்கள் ஏன் அப்பிடிப் பாக்கிறியள்?

ஓம். இண்டைக்கு வருகினம். அவைதான் ரெண்டே காலுக்கு வருகினம். ஏழு வருசம். யதுர்சாவுக்குப் பத்தொன்பது, என்னை விட உயரமாம். இந்தப் பையில எல்லாம் கொண்டு வாறன், கலியாணப் பதிவு, தீர்ப்பு, அனுமதிக் கடிதம், எல்லாத்திலயும் மூண்டு மூண்டு கொப்பி. ஆரும் மறிச்சுக் கேட்டால் காட்டலாம். எல்லாரிட்டயும் காட்ட ஒவ்வொரு கடுதாசி இருக்கு. அவவிட்டக் காட்டத்தான் ஒண்டும் இல்லை.

உண்மையைச் சொன்னால், பிள்ளை, இந்தப் பயம் அந்தக் கூடாரத்தில கூட எனக்கு இருந்ததில்லை. அவ என்னைக் கேக்கப் போறா. அங்கயே, எல்லாருக்கும் முன்னால கேட்டாலும் பரவாயில்லை. கேக்காமல் இருந்திட்டால்? "சாப்பிட்டியளோ, ஓம்" எண்டே மிச்சக் காலம் போயிட்டால்?

உங்களிட்ட என்ன மறைச்சியள் எண்டு நான் கேக்கமாட்டன். ஒண்டும் மறைக்காமலும் இருக்கலாம், வெறும் பயமாயும் இருக்கலாம். உங்களுக்கு வாற உறையளைத் திறவுங்கோ. கடைசி நாளைக் குறிச்சு வையுங்கோ. மறைச்சது இருந்தால் லோயரிட்டப் போய்ச் சொல்லுங்கோ, கையைக் கடிக்கமாட்டினம். ஆனா அதுக்கு முதல் வீட்டுக்குச் சொல்லுங்கோ. ஒட்டுக் கேட்டால் கேக்கட்டும். நான் சொல்லாமல் விட்டது ஒட்டுக் கேப்பினம் எண்டதால இல்லை. இப்ப உங்களுக்குச் சொல்லேக்குள்ளதான் எனக்கே அது விளங்குது.

பொறுங்கோ. போன். யதுர்சா.

ஓம் பிள்ளை. வந்திட்டியளோ? முந்தி இறங்கிட்டுதோ? நான் பஸ்ஸில. கிட்ட வந்திட்டன். நாலாம் வாசல். இல்லை, கன நேரம் இல்லை. அம்மாவோ? குடு.

ஓம் லோஜினி.

ஓம்.

ஓம், வாறன்.

வைச்சிட்டா.

ஒண்டும் இல்லை, பிள்ளை. கண்ணில தூசி. என்ன சொன்னவ எண்டால், வெளியில வரேக்குள்ள ஒரு அதிகாரி கேட்டவனாம், உங்களைக் கூட்டிக்கொண்டு போக ஆர் வருகினம் எண்டு. "புருசன் எண்டு சொன்னனான். வாறியள்தானே?" எண்டு கேக்கிறா.

வாறியள்தானே எண்டு. கொழும்புக்குப் பிறகு எனக்கு அவ சொன்ன பெரிய கதை இதுதான்.

கடைசித் தரிப்பு. எல்லாரும் இறங்குகினம். நீங்கள் வேலைக்குப் பிந்தப் போகுது, போங்கோ. இல்லை, பொறுங்கோ. அந்தக் கையைக் கொஞ்சம் தாங்கோ. எழும்புவம், அவ பாத்துக்கொண்டு நிக்கிறா.